குடல் எடுக்காத மீன்

எனக்கு ஒழுங்காக எழுத வராது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் வாசித்ததெல்லாம் சீனி சுற்றி வந்த கடுதாசிதான். அதனால் எழுத்து கோணலாக இருக்கும், சொல்வதும் முன்னுக்குப் பின்னாகப் போகும். மறதியும் வந்துவிட்டது. பெயர்கள் நினைவில் நிற்பதில்லை. நின்றவற்றையும் நான் எழுத மாட்டேன், கூச்சமாக இருக்கிறது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் மகன் வீட்டில் மருமகள் ஆற்றுமீன் பொரித்தாள். கத்தரிக்கோலால் ஒவ்வொரு மீனின் வயிற்றையும் வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை, எழும்பி வெளியே வந்துவிட்டேன். ஏன் மாமி என்று கேட்டாள். வாயால் சொல்ல வரவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

நான் பிறந்த வீடு கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, ஆற்றுக்கு இறங்குகிற ஒழுங்கையில் இருந்தது. உம்மாவின் வாப்பா உம்மாவுக்கு எழுதிக்கொடுத்த வீடு அது. உம்மாவின் சொந்த ஊர் அலவத்துகொட. வாப்பா காலிப் பக்கத்து ஆள், கடலோரத்துக்காரர். வியாபாரத்துக்கு மலைக்கு வந்தவர் இங்கேயே கலியாணம் செய்து, பாலத்தடியில் தேத்தண்ணிக் கடை வைத்துக்கொண்டார். மலைநாட்டு ஆட்களுக்கு மீனைப் பற்றி என்ன தெரியும் என்று அடிக்கடி சொல்வார். எங்கள் வீட்டில் எந்தச் சண்டை எதில் தொடங்கினாலும், கடைசியில் மீனில்தான் வந்து நின்றது.

மழை இல்லாத மாதங்களில் ஆறு வற்றிக் கல் தெரியும். அப்போது ஒரு சிங்கள மனிதர் வலை வீசிச் சின்னமீன் பிடிப்பார். விரல் நீளம், வெள்ளி நிறம், வாலடியில் ஒரு கறுப்புப் பொட்டு. உம்மா அதைக் கெண்டைக்குஞ்சு என்பாள். அவர் ஈர்க்கில் கோத்துக் கடைக்குக் கொண்டுவருவார். வாப்பா வாங்கி வீட்டுக்கு அனுப்புவார். வரும்போது பாதி மீனுக்கு உயிர் இருக்கும்.

அந்த மீனுக்குக் கத்தி சரிவராது. கத்தி வைத்தால் மீன் இரண்டாகிவிடும். செவுளுக்குக் கீழே பெருவிரல் நகத்தைக் குத்தி வயிற்றைக் கீற வேண்டும். பிறகு தலைப் பக்கத்திலிருந்து இரண்டு விரலால் அமுக்கினால் குடல் கறுப்பு நூல் மாதிரி வெளியே வரும். அதோடு சேர்ந்து பச்சையாக ஒரு பித்துப்பை. பித்து உள்ளே உடைந்தால் மீன் கசந்துவிடும். குடல் வெளியே வந்த பிறகும் சில மீன் வாயைத் திறந்து திறந்து மூடும். பிறகு சாம்பல் போட்டுச் சட்டியில் உரசி, அலசி, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், அரைத்த கொறுக்காய்ப் புளி பிரட்டி, தேங்காயெண்ணெய் புகையக் காய்ந்த பின்தான் போட வேண்டும். தலை, முள், வால் எல்லாவற்றையும் சேர்த்து மென்று தின்கிற மீன்.

உம்மா வலது பெருவிரல் நகத்தை இதற்காகவே வளர்த்து வைத்திருந்தாள். மஞ்சளும் பித்தும் ஏறி அது கொம்பு மாதிரி இருக்கும். என் தலையில் பேன் பார்க்கும்போதும் அந்த நகத்தில் மீன் மணக்கும்.

ஆனால் உம்மாவின் ஊரில் இப்படிச் செய்வதில்லை. அலவத்துகொடயில் விரல் நீள மீனுக்குக் குடல் எடுக்க மாட்டார்கள். சாம்பலில் உரசி முழுசாகவே பொரிப்பார்கள். இவ்வளவு சின்ன மீனில் குடலைத் தேடி எடுப்பது கஷ்டம், அதனால் அதற்கு மார்க்கத்தில் மன்னிப்பு இருக்கிறது என்று அங்கே பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற லெப்பைமார் சொல்லிவைத்திருந்தார்கள். லேசான கசப்பு இருக்கும், அது அவர்களுக்குப் பழக்கம். கலியாணம் முடித்த புதிதில் உம்மா அப்படியே பொரித்து வைத்திருக்கிறாள். வாப்பா வாயில் வைத்ததை உம்மாவின் முகத்தில் துப்பினாராம். பீயைத் தின்னக் குடுக்கிறியா என்று கேட்டு, செருப்பைக் கழற்றி அடித்தாராம். இது மாமா சொல்லி எனக்குத் தெரியும். மாமா என்றால் உம்மாவின் நானா, மூத்த சகோதரர். அலவத்துகொடயில் தோட்டம் வைத்திருந்தார்.

அன்றைக்கு அடித்த அடியோடு வாப்பா ஒரு தலாக்கும் சொன்னார். எங்கள் மார்க்கத்தில் ஆண்பிள்ளைக்கு மூன்று தலாக் உண்டு. முதலாவதையோ இரண்டாவதையோ சொன்ன பிறகு மனம் மாறினால் பெண்சாதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதைச் சொன்னால் முடிந்தது, அவள் அவனுக்கு அன்னியப் பெண். வாப்பா முதல் தலாக்கைச் சொல்லிவிட்டு ஒரு கிழமையில் திரும்ப எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது சொன்னதை நானே பார்த்தேன். என்னத்துக்கு என்று நினைவில்லை. உம்மாவின் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு, தலையைக் குசினி மரத்தூணில் மோதினார். தூணில் இருந்த ஆணி உம்மாவின் நெற்றியைக் கிழித்தது. இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அந்த நேரத்தில் சொன்னார். பிறகு அதையும் திரும்ப எடுத்துக்கொண்டார். மிச்சம் ஒன்று இருந்தது.

அந்த ஒன்றை அவர் மீனில் கட்டினார்.

உம்மா தங்கச்சியைப் பெற்று எழும்பியிருந்த சமயம். உடம்பில் காய்ச்சல். கை நடுங்க நடுங்க மீன் கழுவியதில் ஒன்று தவறிப்போயிற்று. வாப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் மெல்லுவதை நிறுத்தினார். கையில் துப்பினார், பார்த்தார். எழும்பிக் குசினிக்கு வந்தார். அடுப்பில் அடுத்த சட்டி மீன் பொரிந்துகொண்டிருந்தது. சட்டியைக் காலால் உதைத்தார். எண்ணெய் உம்மாவின் இரண்டு பாதத்திலும் கொட்டியது. தோல் அப்படியே சுருண்டு வந்தது. உம்மா கத்தின கத்தில் பக்கத்து வீட்டு ஆட்கள் வேலியடிக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்றே வாப்பா உரத்துச் சொன்னார்.

"இனி எண்டைக்காவது குடலெடுக்காத மீனு என்ட முன்னுக்கு வந்தா, அண்டைக்கே நீ தலாக்கு."

அடுத்த நாள் அவருக்கே பயம் வந்திருக்கும். பள்ளிவாசல் லெப்பையிடம் போய், கோபத்தில் சொன்னதைத் திருப்பி எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். கட்டின நிபந்தனையை அவிழ்க்க ஏலாது என்று லெப்பை சொல்லிவிட்டார். ஆனால் ஒன்று, அவள் மறந்து விட்டால் தலாக் நிகழாது, தெரிந்தே செய்தால்தான் நிகழும் என்றும் சொன்னாராம். வாப்பா வீட்டுக்கு வந்து இதை உம்மாவிடம் சொன்னார். பயமுறுத்தத்தான் சொன்னார். உம்மா புண்ணுக்குக் கட்டின வாழையிலையைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு வாப்பாவுக்குப் பயம் போய்விட்டது. அந்த மீனே அவருக்குக் கையில் பிடித்த தடி மாதிரி ஆயிற்று. அடிக்கத் தோன்றிய நாளில் அடித்தார். கடையில் யாரோடாவது கோபித்துக்கொண்டால் மீனை அனுப்பினார். ஒரு கோர்வை இல்லை, கூடை கூடையாக அனுப்பினார். உம்மா குந்தியிருந்து கீறுவாள். முள் குத்திக் குத்தி விரல் வீங்கி, இரத்தமும் மீனின் இரத்தமும் ஒன்றாகிவிடும். என்னை மீனைத் தொட விடமாட்டாள். கழுவி முடிந்ததும் யன்னலடிக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றின் வயிற்றையும் திரும்ப விரித்துப் பார்ப்பாள். சாப்பிட உட்கார்ந்ததும் வாப்பாவும் அதையே செய்வார். ஒவ்வொரு மீனாகப் பிய்த்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, உம்மாவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். இண்டைக்கும் தப்பிட்டாய் என்பார்.

இவ்வளவும் பட்டுக்கொண்டு ஏன் இருந்தாள் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். உம்மா ஒருதரம் மாமா மூலம் லெப்பையிடம் தலாக் கேட்டுப் பார்த்தாள். பொறுமையாக இருக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். பெண்பிள்ளை கேட்டுத் தலாக் கிடைப்பது அப்போது லேசில் நடக்கிற காரியம் இல்லை. எங்கள் இரண்டு பேரையும் வாப்பா காலிக்குக் கொண்டுபோய்விடுவார் என்ற பயமும் இருந்தது. அதனால் அந்த மிச்சத் தலாக் விழாமல் பார்த்துக்கொண்டு கீறிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும். ஒருநாள் வாப்பா வழக்கம்போல மீனைப் பிய்த்துப் பிய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பசி. வாப்பா தின்னாமல் நாங்கள் தின்ன ஏலாது. அதில் ஒன்றும் இருக்காது வாப்பா, உம்மா எல்லாம் பார்த்தா என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் எழும்பிப் போய் எண்ணெய்ச் சட்டியில் கிடந்த இரும்புக் கரண்டியை எடுத்துவந்து என் முழங்கைக்குக் கீழே வைத்து அழுத்தினார். அழுத்திக்கொண்டு பொரிகிற சத்தம் கேக்குதா என்று கேட்டார். சத்தம் கேட்டது. அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது, பேரப்பிள்ளைகள் விரல் வைத்துத் தடவிப் பார்ப்பார்கள்.

அவர் கடைக்குப் போன பிறகு உம்மா என் கைக்குத் தேன் பூசினாள். அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தன் வலது பெருவிரல் நகத்தை வாயில் வைத்துக் கடித்தாள். தடித்த நகம், உடனே வரவில்லை. பல்லால் இழுத்து இழுத்துக் கடித்தாள். சதையோடு கிழிந்து இரத்தம் வந்தது. நகத்தை அடுப்புக்குள் துப்பினாள்.

எங்கள் ஒழுங்கையில் லெப்பைக்குச் சோறு கொடுப்பது முறை வைத்து. இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு மற்ற வீடு. முறை வருகிற வீட்டில் லெப்பை பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து, வீட்டு ஆண்களோடு ஒரே சகனில் சாப்பிடுவார். சகன் என்பது நாலைந்து பேர் சுற்றியிருந்து கை போடுகிற பெரிய தட்டு. லெப்பை முன்னால் மீனைப் பிய்த்து ஆராய்வது மரியாதை இல்லை. அந்த ஒரு நாளில்தான் வாப்பா மீனை அப்படியே வாயில் போடுவார்.

எங்கள் முறை வந்தது. உம்மா மாமாவையும் வரச்சொல்லி அனுப்பியிருந்தாள். காலையில் மீன் வந்ததும் பின்வாசலில் குந்தினாள். சாம்பல் போட்டு உரசினாள். அலசினாள். நேரே உப்பையும் மஞ்சளையும் எடுத்தாள். உம்மா, குடல் என்றேன். நீ போய்க் கைகழுவத் தண்ணி வை என்றாள். என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாப்பா கண்டுபிடித்தால் உம்மாவைக் கொன்றுபோடுவார் என்று நினைத்தேன். கண்டுபிடிக்காவிட்டால் கொல்லாமல் இன்னும் எத்தனையோ வருஷம் அடிப்பார். இரண்டில் எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை.

மீனை நல்ல மொறுமொறுப்பாகப் பொரித்துச் சகனில் சோற்றுக்கு மேலே குவித்தாள். மாமா தூக்கிக்கொண்டு போனார். உம்மாவும் நானும் திரைச்சேலைக்குப் பின்னால் நின்றோம். தங்கச்சி தொட்டிலில் கிடந்தாள்.

மூன்று பேரும் பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்கள். வாப்பா ஒரு மீனை எடுத்து வாயில் போட்டார். இரண்டு தரம் மென்று நிறுத்தினார்.

திரைச்சேலைக் கிழிசலால் நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லெப்பையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். பிறகு விழுங்கினார். துப்பினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும், தலாக் விழும், வீடும் உம்மாவின் வீடு. விழுங்கினால் ஒன்றும் நடக்காத மாதிரி. தண்ணீர் குடித்துவிட்டு இரண்டாவதை எடுத்தார். அதுவும் கசப்பு. அதையும் விழுங்கினார். பிறகு லெப்பையின் பக்கத்தில் இருந்த மீனையெல்லாம் தன் பக்கம் இழுத்து அவசர அவசரமாகத் தின்னத் தொடங்கினார். வியர்வை சோற்றில் சொட்டியது.

ஆம்பிளைகள் சாப்பிடும்போது உம்மா வாய் திறந்ததே இல்லை. அன்றைக்குத் திரைச்சேலைக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"மீன்ல கசப்பு ஈக்கா?"

இல்லை என்றார் வாப்பா. லெப்பை நல்ல மனிதர், வாயில் மீனோடு, அது லேசான கசப்பு இருக்கத்தான் செய்யும், குடலோடு பொரித்தால் அப்படித்தானே, எங்கள் பக்கமும் இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டு போனார். சொல்லி முடிக்கும்போதே வாப்பா கட்டின நிபந்தனை அவருக்கு நினைவு வந்துவிட்டது. கை சகனில் அப்படியே நின்றது.

வாப்பா எழும்பினார். சகனை உதைத்தார். சோறும் மீனும் சுவரில் அடித்தது. திரைச்சேலையைக் கிழித்துக்கொண்டு வந்து உம்மாவின் கூந்தலைப் பிடித்து வெளியே இழுத்தார். முகத்தில் குத்தினார். உம்மாவின் வாயிலிருந்து ஒரு பல் என் காலடியில் வந்து விழுந்தது. மாமா விறகுக்கட்டையை எடுத்து வாப்பாவின் தோளில் அடித்தார். இரண்டாவது அடி காதில் பட்டு, காது கிழிந்து தொங்கியது. வாப்பா கூந்தலை விடவில்லை. ஒரு கையால் மாமாவின் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு நெரித்தார். லெப்பை வயசாளி, நடுவில் புகுந்து இரண்டு பக்கமும் அடி வாங்கினார். தலைப்பாகை கழன்று சோற்றில் விழுந்தது. அவர்தான் மாமாவைப் பிடித்துப் பின்னுக்குத் தள்ளினார். அடிதடியில் ஒன்றும் தீராது, ஒரு கேள்விக்குப் பதில் வந்தால் தீரும் என்றார்.

உம்மா தரையில் முழங்காலில் இருந்தாள். கூந்தல் இன்னும் வாப்பாவின் கையில். லெப்பை உம்மாவின் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"மகள், மறதியா வுட்டதா, தெரிஞ்சு வுட்டதா? மறதி எண்டா ஒண்டுமில்ல. தெரிஞ்சு எண்டா முடிஞ்சி."

மறந்திட்டேன் எண்டு செல்லு என்று வாப்பா கூந்தலை முறுக்கினார். உம்மாவின் தலை பின்னால் வளைந்தது. செல்லு, செல்லு என்று முறுக்கிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய குரல் இறங்கிவிட்டது.

"மறந்திட்டேன் எண்டு செல்லு புள்ள."

உம்மாவைப் புள்ள என்று அவர் கூப்பிட்டதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. ஒரு சொல் சொன்னால் போதும், உம்மா அந்த வீட்டில் முன்னைப்போல இருக்கலாம். உம்மா வாயிலிருந்த இரத்தத்தைத் துப்பினாள்.

"தெரிஞ்சுதான். ஒரு மீனுக்கும் குடலெடுக்கல்ல."

லெப்பை வாப்பாவின் மணிக்கட்டைத் தொட்டு, கையை எடுங்க, இனி இது உங்களுக்கு அன்னியப் பெண் என்றார். அடித்துப் பிடுங்க முடியாத கை, அந்தச் சொல்லுக்குத் திறந்தது. ஏனென்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

உம்மா தடுமாறி எழும்பினாள். விழுந்து கிடந்த முக்காட்டை எடுத்தாள், சோறு ஒட்டியிருந்தது. அதை உதறாமலே தலையில் போட்டு, ரோட்டில் போகிற ஆணைக் கண்டால் மூடுகிற மாதிரி வாப்பாவுக்கு முகத்தை மூடிக்கொண்டாள். திரும்பி உள்ளே போய்விட்டாள்.

வாப்பா குசினிக்குப் போய்ச் சட்டி பானையெல்லாம் உடைத்தார். அம்மியைத் தூக்கிப் பார்த்தார், முடியவில்லை. தண்ணீர்க் குடத்தை உடைத்தார், தொட்டில் கயிற்றை அறுக்கப் போனார். மாமா விறகுக்கட்டையோடு தொட்டிலுக்கு முன்னால் நின்றார். பிறகு வாப்பா காதைப் பொத்திக்கொண்டு ஒழுங்கையால் இறங்கிப் போனார். விரல்களுக்கிடையால் இரத்தம் வடிந்தது. கடையை விற்றுவிட்டு ஊருக்குப் போனார் என்று கேள்விப்பட்டோம். எங்களைக் கேட்டு வரவில்லை. லெப்பை ஆள் விட்டுப் பேசி, பிள்ளைகள் தாயோடு என்று முடித்துவைத்தார்.

உம்மா தலாக்குக்குப் பின் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்த மாதங்களில் பெண்கள் வந்து பார்த்தார்கள். பரிதாபப்பட்டு வந்தவர்களை விட ஏச வந்தவர்கள்தான் கூடுதல். மீனால புருஷனை வெட்டினவ என்று வாசலில் நின்றே சொன்னார்கள். சுவரில் அந்த எண்ணெய்க் கறை கனகாலம் இருந்தது, சுண்ணாம்பு அடித்தும் திரும்பத் திரும்ப வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சின்னமீனுக்குக் குடல் எடுத்ததில்லை. உம்மா அந்த நகத்தை வளர்க்கவும் இல்லை. கடித்த இடத்தில் அது கோணலாகத்தான் முளைத்தது. மீன் லேசாகக் கசக்கும். பல் இல்லாத பக்கத்தை விட்டு மற்றப் பக்கத்தால் மென்று தின்பாள். நானும் அப்படித்தான் தின்று பழகினேன்.

இதில் பிழைகள் இருக்கும். அந்த மீனுக்குக் கெண்டைக்குஞ்சு என்று சொல்வது சரிதானா, வேறு மீனா என்று ஆற்றுப் பக்கத்து ஆட்களைக் கேட்க வேண்டும். மாமா அடித்தது வலது காதிலா இடது காதிலா என்பதும் எனக்குத் தடுமாறுகிறது. முக்கியமாக, மறதி என்றால் தலாக் இல்லை என்று லெப்பை சொன்ன சட்டம், நான் சின்னப்பிள்ளையாகக் கேட்டது. நான் விளங்கிக்கொண்டது சரியா என்று கிதாபு படித்த ஆலிம் ஒருவரிடம் யாராவது கேட்டுப் பார்த்துத் திருத்திவிடுங்கள். உம்மா சொன்ன பதிலை மட்டும் திருத்த வேண்டாம். அது நான் எழுதியிருக்கிற மாதிரிதான்.